வேதமாணிக்கத்தின் கிட்டார்

வேதமாணிக்கத்துக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிற பியூலா டீச்சர்தான் அந்தக் குரு. ஓய்வு பெற்ற கையோடு அங்கே சேர்ந்து, மூன்று மாதமாக வாரம் இரண்டு நாள் போய் விரலைத் தேய்க்கிறார் அண்ணாச்சி. தேய்த்ததுதான் மிச்சம். இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அழுத்துகிற 'கார்டு' என்பதில் மூன்றுக்கு மேல் ஏறவில்லை.

அன்று வெறுங்கையோடு வரவில்லை. வீட்டில் கட்டிலுக்கடியில் கிடந்த கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி. இதை விக்கவா, வச்சுக்கவா?"

"வாங்குறது யாரு?"

"பெங்களூர்க்காரர் ஒருத்தர். பழைய கிட்டாரா வாங்கிச் சேக்குதவரு. சனிக்கிழமை வாராரு. வீட்டுக்காரி வித்துத் தொலைங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கா. எனக்குத்தான் மனசு வரல. முப்பத்தேழு வருசம் கூடவே கிடந்த சாமான்லா?"

"சரி."

"அவருக்கு ஒரு கடுதாசி வேணுமாம். எங்க வாங்கினது, யாரு வாசிச்சதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். பழைய கிட்டார்னா அதையும் சேத்துத்தான் வாங்குவாங்களாம். எழுதிட்டேன்."

டீச்சர் வாசிக்கச் சொல்லவில்லை. அவரே சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார்.

"மதுரை ரயில்வேயில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர், ஆஸ்திரேலியா போகும்போது விற்றது. வாங்கியவரும் வாசித்தவரும் ஆ. வேதமாணிக்கம். வாலிப நாட்களில் கோயில் பாடகர் குழுவில் வாசித்தது. பிறகு அபூர்வமாக."

கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தார். தன் கதையைச் சொல்லித் தானே உருகுகிற ஆட்கள் உண்டு. அண்ணாச்சி அந்த ரகம்.

டீச்சர் பெட்டியைத் திறந்தாள். வாசிக்கவில்லை. கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, கிட்டாரின் கழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க வாங்க அண்ணாச்சி. இது என்ன?"

கழுத்துப் பலகையில், உலோகப் பட்டைகளுக்கு நடுவே, மரம் சின்னச் சின்னதாகக் குழிந்திருந்தது.

"ஐயையோ, பூச்சி அரிச்சிட்டா?"

"விரல் அரிச்சது. வருசக்கணக்கா ஒரே இடத்தை அழுத்தினா மரம் இப்பிடிக் குழியும். எங்கே, நீங்க ஒரு கார்டு பிடிங்க."

அண்ணாச்சி தனக்குத் தெரிந்ததைப் பிடித்தார். அது கழுத்தின் மேல்முனையில். அங்கே மரம் வழுவழுவென்று இருந்தது.

"அங்க இல்ல. குழி இருக்குற இடத்துல."

கை கீழே இறங்கியது. கிட்டாரின் உடம்பை ஒட்டி, ஒன்பதாம் கட்டம், பத்தாம் கட்டம், பன்னிரண்டு. ஒரு விரல் ஒரு குழியில் உட்கார்ந்தது. மற்ற மூன்றும் போக்கிடம் தெரியாமல் நின்றன. அவர் வாழ்நாளில் அங்கே கை வைத்ததே இல்லை.

"இங்க வாசிச்சது யாரு?"

அண்ணாச்சி கையை எடுத்துக்கொண்டார்.

"தம்பி. சுகிர்தன்."

பிறகு சொன்னார். முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாக வாங்கியது இவர்தான். கைக்கு வரவில்லை. பதினேழு வயதுத் தம்பி எடுத்தான், ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டான். ஐந்து வருடம் கோயிலில், கல்யாண வீடுகளில், கிறிஸ்துமஸ் பவனியில் அவன் வாசிப்புத்தான். தெருவில் போனால் இவரைக் காட்டி, 'சுகிர்தனோட அண்ணன்' என்றார்கள். வேலை பார்க்கிறவர் இவர், கிட்டார் வாங்கியவர் இவர், பேர் மட்டும் அவனுக்கு! வயிறு எரிந்தது. ஒருநாள் பெட்டியைப் பூட்டிவிட்டார்.

சாவி தொலைந்துவிட்டதென்று தம்பியிடம் சொன்னதை மட்டும் டீச்சரிடம் சொல்லவில்லை. சாவி அப்போது அவர் ஆபீஸ் மேஜைக்குள் பத்திரமாக இருந்தது.

"தம்பி இப்ப எங்க இருக்காரு?"

"தூத்துக்குடியில. உப்பு லாரி எடை போடுத வேலை."

"பெட்டியைத் தூக்கிட்டு அங்க போங்க. விக்கவா, வச்சுக்கவான்னு அவருகிட்ட கேளுங்க."

"வாங்கினது நான், டீச்சர்."

"அதை நான் கேக்கலையே."

மறுநாள் காலை தூத்துக்குடி பஸ் ஏறினார். மடியில் பெட்டி கனத்தது.

சுகிர்தன் வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. "வாண்ணே" என்றான். அவ்வளவுதான்.

காலேஜ் படிக்கிற அவன் மகள் ஓடிவந்தாள். "ஐ, கிட்டாரா! பெரியப்பா, நீங்க வாசிப்பீங்களா?"

சொல்லியிருக்கலாம். உங்க அப்பா வாசிச்சா ஊரே நின்னு கேக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணாச்சியின் வாய், பழகிய தடத்தில் போனது.

"ஏதோ, கோயில்ல வாசிப்பேன்மா."

சுகிர்தன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தான்.

காப்பி கொண்டுவந்த தம்பி பெண்டாட்டி சிரித்தாள். "இவுகளுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம் அத்தான். ரேடியோவுல பாட்டு வந்தாலே அணைச்சிருவாக."

அவளுக்கும் தெரியாது. அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. அண்ணாச்சி காப்பியைக் கீழே வைத்தார்.

பெண்கள் உள்ளே போனதும் கேட்டார். "இதை ஒருத்தர் விலைக்குக் கேக்காரு. என்ன செய்யட்டும்?"

"வித்துருண்ணே."

"ஒருதடவை எடுத்துப் பாக்கலையா?"

"வேண்டாண்ணே."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தான். பெட்டியை அண்ணன் கையிலிருந்து வாங்கி, தானே சுமந்து வந்தான். பஸ்ஸில் ஏற்றிக் கொடுக்கும்போது, பூட்டு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான்.

"சாவி கெடச்சிருச்சாண்ணே?"

அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

சாயங்காலம் அண்ணாச்சி நேராக மருந்துக்கடை மாடிக்கே வந்தார். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரே நாள்.

"அவனே வித்துரச் சொல்லிட்டான் டீச்சர். என்மேல அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அப்ப வித்துரலாம்லா?"

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை.

"சாவி கெடச்சிருச்சான்னு கேட்டான்."

"என்ன சாவி?"

முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு, அந்தச் சாவியைப் பற்றி முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"பஸ் எடுத்துட்டான்."

டீச்சர் கையை நீட்டினாள். "அந்தக் கடுதாசியைக் கொடுங்க."

கொடுத்தார். அவள் அதை மேஜைமேல் விரித்து, அவர் பக்கம் தள்ளி, மேலே ஒரு பேனாவை வைத்தாள்.

"வாசித்தவர்னு உங்க பேரு இருக்குல்லா? அதை அடிச்சிட்டுத் தம்பி பேரை எழுதுங்க."

"அவன்தான் வேண்டாம்னுட்டானே."

"அவரு வேண்டாம்னது கிட்டாரை."

அண்ணாச்சி பேனாவை எடுத்தார். ஒரு பேர். எழுதினால் அரை நிமிட வேலை. பேனாமுனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டு போயும் விட்டார்கள். பேனா அதே இடத்தில் நின்றது.

"என்ன டீச்சர் இது, அவரு யாரோ பெங்களூர்க்காரர். அவருக்கு யாரு பேரு இருந்தா என்ன?"

"அதான். அவருக்கு ஒண்ணுமில்லைன்னா, உங்களுக்கு மட்டும் என்ன?"

அண்ணாச்சி பேனாவை மூடி, மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப நான் விக்கவா, வச்சுக்கவா?"

டீச்சர் பெட்டியை மூடி அவரிடம் கொடுத்தாள்.

"வச்சுக்கங்க அண்ணாச்சி. நாளைக்கு அந்த பெங்களூர்க்காரர் வந்து கேட்டா, சாவி தொலைஞ்சிட்டுன்னு சொல்லிருங்க."