தொப்பூர் மேட்டுக்கு அப்பால்

சங்ககிரியில் லாரித் தொழில் செய்துவந்த செங்கோட்டுவேலுக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. மனைவி இறந்த பிறகு அவர் பவானியில் இருந்த அருளம்மையிடம் போகத் தொடங்கினார். அருளம்மை அவரைவிட இளையவர். ஆற்றோரம் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருந்தார். வந்தவர்களோடு பேசுவார், பேச ஒன்றும் இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருப்பார். செங்கோட்டுவேல் அவரைத் தன் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை அவர் கலங்கிப்போய் வந்தார்.

அவருடைய லாரிகள் புனே வரை சரக்கு ஏற்றிப் போகிறவை. சரக்குக் கொடுக்கும் கம்பெனி, வருகிற ஆண்டிலிருந்து மின்சார லாரிகளில் மட்டும்தான் ஏற்றுவோம் என்று சொல்லிவிட்டது. டீசலிலிருந்து மாறாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். அவரை நம்பி இருக்கும் டிரைவர்கள் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

புது வண்டிகளைப் பார்த்தாயிற்று, பாரம் ஏற்றி ஓட்டியும் பார்த்தாயிற்று. பெங்களூருக்கு அப்பால் சார்ஜ் ஏற்றக் கம்பெனியே இடம் ஏற்பாடு செய்கிறது. சிக்கல் இந்தப் பக்கம்தான். முழுப் பாரத்தோடு தொப்பூர் மேட்டை ஏறும்போது பேட்டரி மளமளவென்று இறங்கிவிடுகிறது. கிருஷ்ணகிரி பக்கத்தில் எங்காவது நின்று ஏற்றிக்கொண்டால்தான் மேலே போக முடியும். அதற்குத்தான் இடம் அமையவில்லை.

"ஒரே ஒரு இடத்துக்காக எல்லாம் நிக்குதுங்கம்மா. விட்டுறட்டுங்களா, இன்னும் தேடட்டுங்களா?"

"நீங்க தேடின வழியை நானும் பார்க்கிறேன்" என்றார் அருளம்மை.

இருவரும் காரில் கிளம்பினார்கள். செங்கோட்டுவேலே ஓட்டினார்.

தருமபுரி தாண்டியதும் தான் பார்த்துவைத்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு பெட்ரோல் பங்க்கில் நீள வண்டி திரும்ப வசதியில்லை. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னால் பெரிய திடல் இருந்தது. ஆனால் அவ்வளவு மின்சாரத்தை அங்கே கொண்டுவர வழியில்லை. இன்னொரு காலி மனையின் சொந்தக்காரர் வாடகைக்கு விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அருளம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தார்.

கிருஷ்ணகிரிக்குக் கொஞ்சம் முன்னால், இடப்பக்கம் அகலமான இரும்புக் கதவோடு ஒரு லாரி ஷெட் வந்தது. செங்கோட்டுவேல் பேச்சை நிறுத்தினார். கார் வேகமெடுத்தது.

"அது என்ன இடம்?"

"லாரி ஷெட்டுங்க."

"விசாலமா இருக்கே. டிரான்ஸ்பார்மர்கூட வச்சிருக்காங்க. வண்டியைத் திருப்புங்க, எனக்குத் தாகமா இருக்கு."

செங்கோட்டுவேல் காரைத் திருப்பிக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"யாரோட இடம்?"

"என் தங்கச்சி வீட்டுக்காரரோடதுங்க."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரும் தங்கை கணவர் செல்லப்பனும் ஒரு காலத்தில் சேர்ந்து தொழில் செய்தவர்கள். பிரிந்தபோது வார்த்தை தடித்துவிட்டது. அதன் பிறகும் தங்கை பொன்னரசி தன் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு வந்து அழைத்தாள். அவர் போகவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் உறவுக்காரரை நிறுத்திக் கல்யாணத்தை நடத்தினார்கள். அந்தப் பெண்ணின் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவர் இன்னும் பார்த்ததில்லை.

அருளம்மை இறங்கி உள்ளே போனார்.

திரும்பி வரும்போது அவரோடு பொன்னரசியும் வந்தாள். முன்தலை நரைத்திருந்தது. கையில் ஒரு சொம்பு. காரின் கண்ணாடி இறங்கும்வரை காத்திருந்து அண்ணனிடம் நீட்டினாள்.

"வெயில்ல எதுக்குண்ணா உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க. அவரும் இருக்கார்."

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

செங்கோட்டுவேல் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அருளம்மையின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கேட்டா இடம் குடுத்தாலும் குடுப்பாங்க. ஆனா இன்னிக்குக் கேட்டா, காரியம் ஆகோணும்னு வந்திருக்கான்னுதான் நினைப்பாங்க. இப்ப சும்மா பார்த்துட்டு வந்துடறேன். லாரி விஷயத்தை இன்னொரு நாளைக்குப் பேசிக்கலாம்ங்கம்மா."

"சும்மா வர்றதுக்கு இத்தனை வருஷம் இருந்துச்சே" என்றார் அருளம்மை.

செங்கோட்டுவேல் தண்ணீரைக் குடித்தார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

உள்ளே போனதும், கல்யாணத்துக்கு வராமல் போனதையும், லாரிகளுக்கு இடம் தேவைப்படுவதையும் நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். எது முந்தி, எது பிந்தி என்று யோசிக்கவில்லை. பொன்னரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செல்லப்பன் கொஞ்ச நேரம் வெளியே ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒரு நேரத்துக்கு எத்தனை வண்டி வந்து நிக்கும்?" என்று கேட்டார்.

செங்கோட்டுவேலுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முதலில், குழந்தை எத்தனாவது படிக்கிறது என்று கேட்டார்.