ராவுத்தர் முடிஞ்ச கூந்தல்

இந்தக் கதையை எனக்கு முதல்ல சொன்னது சபூரா அக்கா. என் மூத்தவன் பிறந்தப்போ, ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்துக் கட்டில் அவங்களுக்கு.

ஒரு ஊர்ல இப்ராம்சா ராவுத்தர்னு ஒரு தையல்காரர் இருந்தாராம். பாரதக் கூத்து ஆடறவங்களுக்குத் துணி தைக்கிறதும், திரைக்குப் பின்னால உட்கார்ந்து மறந்த பாட்டை எடுத்துக் குடுக்கிறதும் அவர் வேலையாம். அது நாட்டாமை செங்கேணிக்கு ஆகலை. "பாஞ்சாலி அம்மன் கிரீடத்தைத் துலுக்கன் தொடறதா? படுகளம் முடிஞ்சு பொழுது சாயறதுக்குள்ள பெண்டாட்டி பிள்ளையோட ஊரை விட்டுப் போயிரணும்"னுட்டான்.

"கோயில் வாசல்ல காவல் நிக்கிற முத்தால ராவுத்தர் சாமியும் துலுக்கர்தானே, அவரும் எங்கூடக் கிளம்பணுமாங்க?"ன்னு கேட்டாராம் இவர். நாட்டாமை காறித் துப்பினான்.

படுகளம்னா கூத்தோட கடைசி நாள், கண்ணு, பட்டப்பகல்ல நடக்கும். துரியோதனன் விழணும், பாஞ்சாலி விரிச்ச கூந்தலை முடியணும், அப்புறம்தான் ஊரே விரதம் விடும். அன்னைக்குப் பார்த்து பாஞ்சாலி வேஷக்காரனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கூத்து வாத்தியார் ஓடி வந்தார்.

"மாமா, முழுப்பாட்டும் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். வேஷம் கட்டுங்க."

மூட்டை கட்டிக்கிட்டிருந்த பெண்டாட்டி, "துரத்தறவனுக்கா ஆடப் போறீங்க?"ன்னா.

"காலையிலேருந்து பச்சப்புள்ளைங்களும் பட்டினி, புள்ளே. அதுங்க எனக்கு என்ன செஞ்சுதுங்க?"ன்னு எழுந்துட்டார்.

ஆடினார், பாடினார், கூந்தலையும் முடிஞ்சார். அரிதாரத்துக்குள்ள இருக்கிறது யாருன்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலை. அந்த ஊர் வழக்கம் என்னன்னா, கூந்தல் முடிஞ்சதும் நாட்டாமை ஊருக்காகப் பாஞ்சாலி கால்ல விழுந்து மூணு தரம் கேக்கணும், மூணாவது தரம் அவ வாக்கு சொல்லணும். களத்துல விழுந்த வாக்கை யாரும் மீறக் கூடாது.

"தாயே, குத்தம் பொறுத்தியா?" பேசலை.

"தாயே, குத்தம் பொறுத்தியா?" பேசலை.

"தாயே, குத்தம் பொறுத்தியா?"

'பொறுக்கலை'ன்னு ஒரு சொல் போதும், ஊர் செங்கேணியை அடிச்சுத் துரத்தியிருக்கும். சொல்லும் நுனிநாக்குல வந்து நின்னுச்சாம். குனிஞ்சு பார்த்தார். நரைச்ச பிடரி, அதுல வேர்வை, பட்டினி நடுக்கம்.

"பொறுத்தேன்"னார். அப்புறம் பாட்டுல இல்லாத ரெண்டு சொல்லையும் சேர்த்தார். "நீயும் பொறு."

குங்குமம் வைக்க நீண்ட பெருவிரல் நெடுக ஊசித் தழும்பு. நாட்டாமைக்குத் தெரிஞ்சுபோச்சு. ஊரே பார்க்குது, வாக்கும் விழுந்தாச்சு. எந்தக் கை தொடக் கூடாதுன்னானோ, அந்தக் கைக்கே நெத்தியைக் காட்டினான்.

ராவுத்தர் வீட்டு மூட்டையைப் பிரிச்சாங்க. அன்னையிலேருந்து வருஷா வருஷம், அவர் வீட்டிலேருந்து கிரீடப் பெட்டியைத் தலையில சுமந்து வர்றது செங்கேணி வேலையாச்சு. ஊர் போட்ட தண்டனைன்னும் சொல்றாங்க, அவனாவே கேட்டு வாங்கினான்னும் சொல்றாங்க.

கூந்தலும் முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது. எனக்காக ஒண்ணு செய், கண்ணு. அடுத்த வீட்டிலேருந்து நோன்புக் கஞ்சி வந்தா, தூக்கோட திருப்பி அனுப்பாதே. ஒரு வாய் குடி.