தாளுக்குள் அடங்காத ராசாளி

முன்னொரு காலத்தில் மருதமேடு என்ற நாட்டை முத்துவிஜய பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது வாய்ப்பழக்கம். வரி வாங்கியது வெள்ளைக்காரக் கும்பினி, காவல் காத்தது கும்பினி. ராஜாவுக்கு மிஞ்சியவை ஒரு சிம்மாசனம், ராசாளிப் பறவை எழுதிய ஒரு கொடி, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக மாறும் மனசு. அவனுடைய பெரியப்பா கும்பினிக்கு எதிரே நிமிர்ந்து நின்றவர். அவர் தலை மூன்று நாள் கோட்டை வாசலில் ஈட்டிமேல் இருந்தது. நான்காம் நாள் இவனுக்குப் பட்டம் கட்டினார்கள். அரண்மனையில் யாரும் அதைப் பேசுவதில்லை.

அரண்மனைச் சித்திரக்காரன் நாகோஜியும் பேசியதில்லை. பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஈட்டியை அண்ணாந்து பார்த்தவன் அவன்.

அந்த நாட்டுக்கு ஹார்கிரீவ் என்ற வெள்ளைக்கார வைத்தியர் வந்தார். வைத்தியம் பார்த்ததைவிடப் பறவை சுட்டது அதிகம். ஊரில் அவருக்குப் பட்சிதுரை என்றே பேர். பருந்து, வல்லூறு, ஆந்தை என்று ஊன் தின்னும் பறவைகளைச் சுட்டுப் பஞ்சடைத்து, லண்டனில் அச்சாகப் போகும் புத்தகத்துக்காக நாகோஜியை வரையச் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான். பறவை எந்த அளவோ படமும் அந்த அளவு. கவராயம் வைத்து நகத்தைக்கூட அளந்து பார்ப்பார்.

கடைசியில் ராசாளி வந்தது. பறவை மூன்று சாண். கப்பலில் வந்த தாளோ இரண்டரைச் சாண். நாகோஜி கழுத்தை வளைத்துத் தலையைத் தாழ்த்தி, காலடியில் கிடக்கும் முயலைப் பறவை பார்ப்பதுபோல எழுதினான். துரைக்குப் பரம சந்தோஷம். ராஜாவிடம் காட்டச் சொல்லி அனுப்பினார்.

சபையில் படத்தை விரித்ததும் முதலில் வாய் திறந்தவர் தளவாய் அனந்தப்பர். கும்பினி படையைக் கலைத்த பிறகு தளவாய்க்கு மீசை மட்டும்தான் மிச்சம். ஒருமுறை நாகோஜி அவரை வரைந்தபோது தொப்பையைக் குறைக்க மறந்துவிட்டான். அன்று பிடித்த பகை.

"மகாராஜா, நம் கொடிப் பறவை கும்பிடு போடுகிறதே! யாருக்கென்று கேளுங்கள்."

ராஜாவின் முகம் கறுத்தது. "நாகோஜி, யாருக்கடா?"

"தாள் சின்னது, மகாராஜா."

"தாளின்மேல் பழி போடுகிறான்," என்றார் தளவாய். "கை இவனுடையதுதானே?"

"மூன்று நாள் தருகிறேன்," என்றான் ராஜா. "அதே அளவுத் தாள், அதே அளவுப் பறவை. தலை நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் வலக் கட்டைவிரலைத் தளவாயிடம் கொடுத்துவிட்டுப் போ."

நாகோஜி துரையிடம் ஓடினான். "கொஞ்சம் பெரிய தாள் கிடைக்குமா, துரை?"

"இல்லை, நாகோஜி. அளவு லண்டனில் முடிவு பண்ணியாச்சு."

"பறவையைக் கொஞ்சம் சின்னதாக..."

"அது பொய். பொய் கூடாது," என்றார் துரை, கண்டிப்பாக.

இரண்டு நாள் நாகோஜி வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோறு பிசையும்போதெல்லாம் கட்டைவிரல் கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் காலையில் கரிக்கோலை எடுத்துக் காலிலிருந்து மேலே எழுதிக்கொண்டு போனான். நகம், தொடை, மார்பு, நிமிர்ந்த தோள், நேரான கழுத்து. அதோடு தாள் தீர்ந்துபோயிற்று. அப்போதுதான் அவனுக்குக் கோட்டை வாசல் ஞாபகம் வந்தது. அப்படியே வண்ணம் தீட்டினான்.

சபையில் அதை விரித்ததும் தளவாய் துள்ளினார். "பார்த்தீர்களா! தலையையே வெட்டிவிட்டான், பாவி!"

"தலை எங்கேடா?" என்றான் ராஜா.

"நிமிர்ந்திருக்கிறது, மகாராஜா. தாளுக்கு வெளியே." நாகோஜி நிறுத்தவில்லை. "தாளை அறுத்தவர்கள் துரைமார். பறவையை அளந்தவர்களும் அவர்கள்தான். அவர்கள் தாளில் குனிந்தால் தலை இருக்கும். நிமிர்ந்தால் இப்படித்தான்."

விசிறி போட்டவன் கை நின்றுபோயிற்று. ராஜா கோட்டை வாசல் பக்கம் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"தளவாய்," என்றான் பிறகு, மெதுவாக. "நாளைக்குத் துரை வருகிறார். நீர் தலை நிமிர்ந்து நின்று, பெரிய தாள் கேட்டு வாங்கித் தாரும்."

"நானா, மகாராஜா?"

"மீசை உமக்குத்தானே இருக்கிறது?"

மறுநாள் துரை உள்ளே நுழைந்தார். தளவாய் இரண்டடி முன்னால் போனார், வாயைத் திறந்தார். அடுத்த கணம் அவர் தலைப்பாகை கம்பளத்தைத் தொட்டது.

"நாகோஜி, நன்றாகப் பார்த்துக்கொள்," என்றான் ராஜா. "உன் ராசாளிக்குக் கழுத்து இவ்வளவு அழகாக வளையவில்லை."

சபை சிரித்தது. தளவாய் நிமிர வெகுநேரமாயிற்று. ராஜா தன் கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி நாகோஜியின் கட்டைவிரலில் போட்டான். ராஜாவின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

துரை குனிந்த ராசாளிப் படத்தை எடுத்து, மேசைமேல் வைத்து, கீழ் மூலையில் தன் பெயரை எழுதினார். எழுதி ஊதினார். நாகோஜி மோதிரம் போட்ட கட்டைவிரலை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டான்.

"இது என்ன? தலை இல்லையே?" துரை மற்றப் படத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அது எங்கள் குடும்பப் படம்," என்றான் ராஜா.

வேடிக்கை என்று நினைத்துத் துரை உரக்கச் சிரித்தார். சிரித்தபடியே குதிரை ஏறிப் போனார்.

ராஜா அந்தத் தலையில்லாப் பறவையை மடியில் விரித்து வைத்துக்கொண்டான். "நாகோஜி, இதில் உன் பேரை எழுது."

நாகோஜி பறவையின் காலடியில் சின்னதாக எழுதினான். குனிந்த ராசாளி கப்பல் ஏறி, அச்சேறி, வேறொருவர் பெயரில் ஊர் ஊராகப் புகழ் வாங்கியது. நாகோஜி தன் ஆயுளில் பெயர் போட்ட படம் இது ஒன்றுதான். அதன்பிறகு அதை அந்த ராஜாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை.