மூன்று மரங்களின் பெயர்

மலைகளெல்லாம் இளசாக இருந்த காலம் அது. குளிர்நாட்டில் சடையன் என்றொரு விறகுவெட்டி இருந்தான். மரத்தைப் பார்த்தால் எத்தனை கட்டு விறகு தேறும் என்றுதான் அவன் மனம் கணக்குப் போடும்.

ஒருநாள் அவன் மனைவி பவளாயியும், பூக்காரி பூங்காவனமும், கொல்லர் வீரணனும் தேனெடுக்கக் காட்டுக்குப் போனார்கள். மூவரும் திரும்பவில்லை. மறுநாள் மார்கழிப் பனியில் சடையன் தேடிப் போனான். காட்டுக்குள் கையில் மந்திரக்கோலோடு ஒரு மாயாவி நின்றிருந்தான். என் காட்டில் கால் வைத்தவர்களை மரமாக்கிவிட்டேன் என்றான் அவன். பனி விலகுவதற்குள் மரத்தைத் தொட்டுப் பெயர் சொன்னால் விடுதலை. தவறினால் சொன்னவனும் மரம்.

சடையன் கோடரியைக் கீழே வைத்தான். வாழ்நாளில் முதல் தடவையாக மரங்களை நின்று பார்த்தான்.

காற்றே இல்லை. ஒரு மரம் மட்டும் இலைகளைச் சலசலத்து ஓயாமல் பேசியது. தொட்டான், "பூங்காவனம்" என்றான். அவள் பேசிக்கொண்டே வெளியே வந்தாள்.

வெயில் எட்டிப் பார்த்தது. எல்லா மரமும் அதை நோக்கி நிமிர, ஒன்று மட்டும் ஒதுங்கித் தன் காலடியிலிருந்த மரக்கன்றுக்கு வெயில் பட வழிவிட்டது. சடையன் அந்த மரத்தைத் தொட்டான். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள்தான். "பவளாயி" என்றான்.

மாயாவி முகம் கறுத்தது. "மனைவி கிடைத்துவிட்டாள், போய்விடு. அடுத்தது தவறினால் மூன்று பேரும் மரம்தான்."

பவளாயி கணவனைப் பார்த்தாள். "வீரணன் அண்ணனை விட்டுட்டு எப்படிங்க போறது?"

பூங்காவனமும் அசையவில்லை.

வீரணன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவர். முள்மரங்களைத்தான் முதலில் பார்த்தான் சடையன். பிறகு யோசித்தான். தெருவில் யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், திட்டிக்கொண்டே முதல் ஆளாய் வந்து நிற்பவர் அவர். அப்போது காற்று எழுந்தது. காடே ஆடியது. முண்டும் முடிச்சுமான ஒரு கிழமரம் மட்டும் இரு கிளைகளை ஆடவிடாமல் இறுக்கி நின்றது. அதில் ஒரு கூடு.

சடையன் அதைத் தொட்டு, "வீரணன் அண்ணே" என்றான்.

பட்டையில் முகம் தெரிந்தது. "கத்தாதே. குஞ்சுங்க தூங்குது. பறந்ததும் வர்றேன், போங்க."

மரமாகவே இருக்கிறேன் என்று சொன்னவரை மாயாவி கண்டதில்லை. மந்திரக்கோலை அங்கேயே போட்டுவிட்டுக் காட்டைவிட்டு நடந்தான்.

மூவரும் ஊருக்குப் போகவில்லை. மரத்தடியில் சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிக் காத்திருந்தார்கள். புகை குஞ்சுகள்மேல் படுகிறது என்று வீரணன் பத்து நாளும் திட்டினார். பதினோராம் நாள் காலை குஞ்சுகள் பறந்தன. அவர் கைகளை மெல்ல இறக்கினார்.