மூக்காயியின் தாழ்ப்பாள்

ஆற்றங்கரை மடத்தில் யாத்ரீகர்கள் தங்கும் அறைகள் பத்து இருந்தன. பத்தையும், தெருவிலேயே காலம் தள்ளியவர்களுக்கு ஆயுசுக்கும் என்று கொடுத்துவிட்டார் குரு. அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு சீடர் திருமேனிக்கு. முப்பது வருடம் மாணவர் விடுதியில் காப்பாளராக இருந்துவிட்டு வந்தவர், குருவைவிட மூத்தவர். தூசி என்றால் ஆகாது.

அன்று காலை அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்தொன்பது வருடம் பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்த மூக்காயி, நாலாம் அறையில் உள்தாழ் போட்டு ஒரு முழுநாள் ஆகிவிட்டது. கத்திப் பார்த்தார். கதவை இடித்துப் பார்த்தார். சத்தமே இல்லை. சர்க்கரை நோய்க்காரி, சாப்பிடாமல் மயங்கிக் கிடந்தால்? பாவி மனம் அதற்கு மேலும் நினைத்தது. கடப்பாரையோடு குருவிடம் ஓடினார்.

“சுவாமி, கதவை உடைக்க உத்தரவு கொடுங்கள்.”

“எப்போது தாழ் போட்டாள்?”

“நேற்றுக் காலையில். அவள் குளிக்கப் போயிருந்தாள். நான் உள்ளே போய்ச் சுத்தம் செய்தேன். நாறிப்போன அட்டை, கிழிந்த சாக்கு, எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். வந்து பார்த்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.”

“சுத்தம் செய்யச் சொன்னாளா?”

“குப்பையைக் கூட்ட வெற்றிலை பாக்கு வைத்தா அழைப்பார்கள், சுவாமி?”

குரு எழுந்து போனார். நாலாம் அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். மெதுவாகக் கதவைத் தட்டினார்.

காத்திருந்தார். திருமேனி கடப்பாரையோடு பின்னால் நின்றார்.

மறுபடி தட்டினார். “அம்மா, மடத்துச் சாமி வந்திருக்கேன். உள்ளே வரலாமா?”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “வேணாம்.”

உயிரோடுதான் இருக்கிறாள்! திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

“சாப்பாடு கொண்டுவரட்டுமா?” என்றார் குரு.

“வாசல்ல வச்சுட்டுப் போங்க. மாத்திரையும்.”

குரு தானே தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினார். பின்னால் கதவு கொஞ்சம் திறந்தது. தட்டு உள்ளே போனது. மறுபடி தாழ் விழுந்தது.

திருமேனி பின்னாலேயே ஓடினார். “இதென்ன நியாயம், சுவாமி? நம் மடம், நம் கதவு. நாளைக்கும் வேண்டாம் என்றால்?”

“திரும்பி வந்துவிட்டு, மறுநாள் தட்டும்.”

“அவளுக்கு வீடு என்பதே பழக்கமில்லை. பழகும்வரை எத்தனை நாள் இப்படித் தட்டிக்கொண்டே நிற்பது?”

“அது அவள் வீடு என்று உமக்குப் பழகும்வரை.”