கேப்டன் கழுத்தில் வடை மாலை

கோவில்கரிசல் கபடிக் குழுவில் ஏழு பேர். அதில் மூன்று பேர் விவரமானவர்கள் என்பதால் அவர்களுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. மிச்சம் நாலு பேர்: கேப்டன் வில்லாயுதம், கொப்பையா, பூவலிங்கம், சடையாண்டி.

அறுபத்தைந்து கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. வில்லாயுதம் அறுபத்தெட்டு. நாலு வருஷமாக இந்த மூன்று கிலோவால்தான் கேப்டன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். இந்த வருஷமும் ஆட முடியாவிட்டால் கபடியையே விட்டுவிடுவேன் என்று அழுதுவிட்டான்.

சந்தையில் ஒருவர் ஹார்மோன் சொட்டு மருந்து விற்றார். "நாக்குக்கு அடியில பத்துச் சொட்டு. நாள் பூரா அரை இட்லி. உடம்பு கண்ணு முன்னால கரையும்" என்றார்.

கண் முன்னால் கரைய வேண்டுமென்றால் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே. கூட்டாளிகள் மூன்று பேரும் முறை வைத்து வில்லாயுதத்தை இமைக்காமல் பார்த்தார்கள். முதல் வாரம் இரண்டு கிலோ குறைந்தது. கண் எரிந்தாலும் பார்த்தது வீண்போகவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள்.

அதற்கப்புறம் எடை அசையவில்லை. சித்திரை வெயிலில் வில்லாயுதம் போர்வை கேட்டான். தலைமுடி சீப்போடு வந்தது. பயிற்சியில் பாடிப் போனவனுக்குக் குரல் கம்மிப் பாட்டு பாதியில் நின்றது. பிடித்தவர்கள் மடியிலேயே தூங்கியும் போனான். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தைராய்டு மந்தமாயிருக்கு. கழுத்துல இருக்கிற சின்னச் சுரப்பி அது. பட்டினி போட்டா, இனிமே சாப்பாடு வராதுன்னு உடம்பு தன் வேகத்தையே குறைச்சுக்கும். அந்தச் சொட்டைத் தூக்கிப் போடுங்க. சாப்பாடு வருதுன்னு அது நம்புற மாதிரி வேளாவேளைக்குக் கொடுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

பஸ் ஸ்டாண்டில் ஆலோசனை நடந்தது.

"சாப்பாடு தொண்டைக்குள்ள இருட்டுல போவுது. சுரப்பிக்கு எப்படிலே தெரியும்?" என்றான் கொப்பையா.

"அப்போ வெளியில காட்டணும்" என்றான் பூவலிங்கம்.

சடையாண்டி வெகுநேரம் யோசித்தான். "சாம்பாரைக் காட்டினா சட்டை பாழாப் போவும். ஆஞ்சநேயருக்குச் சாத்துத மாதிரி வடை மாலை போட்டிருவோம்."

"நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. கழட்டவே கூடாது பாத்துக்க" என்றான் பூவலிங்கம்.

தினமும் முப்பது வடையில் புது மாலை. பழசைக் கழற்றுவதற்கு முன்பே புதுசு கழுத்துக்குப் போய்விடும். வில்லாயுதம் கோட்டுக்குள் இறங்கினால் கூடவே ஏழெட்டுக் காக்கையும் இறங்கும். அந்த வாசனையில் நல்லவேளையாக அவனுக்குப் பசி எடுத்தது. ஒழுங்காகச் சாப்பிட்டான், ஒழுங்காக ஓடினான். குரல் திரும்பியது, குளிர் விட்டது. பாராட்டு முழுக்க வடைக்குப் போனது.

போட்டியன்று எடை மெஷினில் ஏறினான். அறுபத்தாறு.

"மாலையைக் கழட்டுப்பா, சரியா வரும்" என்றார் நடுவர்.

"டாக்டரம்மா இன்னும் சொல்லலை சார். உசிரு விஷயம்" என்றான் கொப்பையா. வில்லாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்தாவது வருஷமும் கைதட்ட வேண்டியதுதான் என்று மெஷினை விட்டு ஒரு காலைக் கீழே வைத்தான்.

"நில்லுலே" என்றான் சடையாண்டி. "மாலையைத்தான் கழட்டக் கூடாது. வடையைத் திங்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

மூன்று பேரும் மெஷினைச் சுற்றி நின்று, ஆளுக்குப் பத்தாகக் கேப்டன் கழுத்திலிருந்தே தின்று தீர்த்தார்கள். முள் மெல்ல இறங்கி அறுபத்தைந்தில் நின்றது. வெறும் நூலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வில்லாயுதம் நாலு வருஷத்துக்கப்புறம் கோட்டுக்குள் கால் வைத்தான். சந்தோஷத்தில் அங்கேயே ஒரு முறை பாடியும் பார்த்தான்.

அடுத்து அந்த மூன்று பேரின் முறை. ஒருவர் விடாமல் கால் கிலோ, அரை கிலோ கூடுதல்.

"பேர் கொடுத்த சீட்டுல மூணு பேருக்கும் சரியாத்தானேய்யா போட்டிருக்கு?" என்றார் நடுவர்.

கொப்பையா பணிவாக வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இது எங்க எடை இல்ல சார். கேப்டனுக்குள்ளது. அவன் ஆடி முடிக்கிற வரைக்கும் நாங்க வச்சிருக்கோம்."