இரவல் சொற்களைத் திருப்பிக் கொடுத்த அமீர்

முன்னொரு காலத்தில், மணலுக்கு மட்டும் பஞ்சமே வராத ஒரு நாட்டை ஹம்தான் என்ற அமீர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ, அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்.

அவருடைய மனைவி பிரசவத்திலேயே இறந்துபோனாள். பிறந்த குழந்தை ரீமாவுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் தாலா. எல்லைக் கூடாரங்களில் வாழும் பெர்பர் இனத்துப் பெண். தன் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு வந்தவள். இப்போது ரீமாவுக்கு மூன்று வயது.

அரண்மனையில் கஸ்வான் என்றொரு மொழிப்புலவர் இருந்தார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமீர் தன்னைவிட ஒரு தாதியோடு அதிக நேரம் சிரித்துப் பேசுகிறாரே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் விருந்தில் குழந்தை ஆமையைப் பார்த்து, "பக்ரூன்! பக்ரூன்!" என்று கைகொட்டியது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"கேட்டீர்களா மன்னா? அது கூடாரத்துச் சொல். நம் அரபு மொழி இரவல் துணி கட்டி நிற்கிறது! அவர்களிடம் வாங்கிய சொற்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இந்தப் பெண்ணே மூட்டை கட்டிக்கொண்டு போகட்டும்."

கடைசியாகப் பேசியவர் அவர்தானே! அமீர் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் காலை தாலா அவைக்கு வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. குழந்தை அவள் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"போகிறேன், அரசே. ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கிய பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி பேரீச்சம்பழமாவது போட்டுத்தான் தருவோம். சொல்லையும் அப்படியே தாருங்கள். அது எதன் பெயரோ அதையும் சேர்த்துத் தாருங்கள். வெறும் சொல்லோடு போனால் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள்."

"இவ்வளவுதானா?" கஸ்வான் சிரித்தார். "கொடுத்தனுப்புவோம், மன்னா! உங்கள் அரண்மனையில் எதற்குக் குறை?"

"சரி, இது என் வாக்கு," என்றார் அமீர்.

"பக்ரூன்," என்றாள் தாலா. தோட்டத்திலிருந்து ஆமை வந்தது.

"குஸ்குஸ்." சமையற்கட்டிலிருந்து ஆவி பறக்க ஒரு தட்டு கோதுமை ரவைச் சோறு வந்தது. கஸ்வானின் முகம் வாடியது. மூன்று வேளையும் அவர் தின்பது அதைத்தான்.

"பெயர் என்னோடு வந்துவிடுமே, புலவரே. நாளைக்கு எதைச் சொல்லிக் கேட்பீர்கள்?"

"கை... கையால் காட்டுவேன்!"

அவை அதிரச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் ரீமா பயந்து வீறிட்டாள். அமீர் ஓடிவந்து தூக்கிக்கொண்டார். "அழாதே யெல்லி... என் யெல்லி இல்லையா..."

தாலா தலை குனிந்தாள்.

"அரசே, அதுவும் எங்கள் சொல்தான்."

"எது?"

"யெல்லி. 'என் மகளே' என்று அர்த்தம். நான் இவளைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நீங்களும் கூப்பிட ஆரம்பித்தீர்கள்."

அந்தச் சொல்லோடு எதைச் சேர்த்துத் தருவது என்று யாரும் கேட்கவில்லை. அமீர் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்தார்.

"நம் மொழியில் இல்லாத சொல்லா, மன்னா? 'பின்தீ' என்று கூப்பிடுங்களேன்," என்றார் கஸ்வான்.

அமீர் கூப்பிட்டுப் பார்த்தார். யார் வீட்டுக் குழந்தையையோ கூப்பிடுவதுபோல அவருக்கே இருந்தது. அவர் தாடி நனைந்தது.

"வாக்குக் கொடுத்துவிட்டேன், தாலா. இந்தச் சொல்லை வெறுமையாக அனுப்ப முடியாது. இவளைச் சேர்த்து அனுப்பவும் என்னால் முடியாது. சொல் இங்கேயே இருக்கட்டும். நீயும் இரு, அம்மா. புலவரே, இந்த ஆமையையும் தட்டையும் நீரே கூடாரத்துக்குச் சுமந்து போம். நன்றி சொல்லி அனுப்பினேன் என்று சொல்லும். அதை அவர்கள் மொழியிலேயே சொல்லப் பழகிக்கொண்ட பிறகு திரும்பி வந்தால் போதும்."

பிறகு தாலாவின் பக்கம் திரும்பினார். "இன்னும் ஒரு சொல் இரவல் வேண்டும். பெற்றவளை உங்கள் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுவார்கள்?"

மூன்று வருடமாக அந்த ஒரு சொல்லை மட்டும் தாலா ரீமாவுக்குக் கற்றுத் தரவில்லை. தனக்கு அந்த உரிமை இல்லை என்று நினைத்திருந்தாள்.

"யெம்மா," என்றாள் கடைசியில்.

அமீர் அதை மகளின் காதில் ஒருமுறை சொன்னார். ரீமா தாலாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி, "யெம்மா!" என்றாள்.

கதை இத்தோடு முடிந்தது. தாலா அழுது முடிக்கத்தான் சாயங்காலம் ஆயிற்று.